ராத்திரியில் மின்னும் குளம்: பொடியைக் கூட்டலாமா?

கேள்வி: தொண்டி பக்கம் ஒன்றரை ஏக்கரில் வனாமி இறால் விட்டு ஐம்பது நாள் ஆகிறது. தீவனம் தின்பதைப் பார்க்கும் செக் ட்ரே தட்டில் வெள்ளைக் கழிச்சல். ராத்திரியில் தண்ணீர் மின்னுகிறது. போன வளர்ப்பில் கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் பொடியைத் தீவனத்தில் கலந்தேன், கேட்டது. இப்போது கேட்கவில்லை. அளவைக் கூட்டலாமா? பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் கிடைக்குமாமே?

பதில்: கூட்டாதீர்கள். பொடியை இன்றோடு நிறுத்துங்கள். போன முறை தப்பிய கிருமிகள்தான் குளத்தின் அடிச்சேற்றில் பெருகியிருக்கும். மருந்தைத் தாங்கும் அந்தக் குணத்தை அவை வேறு கிருமிகளுக்கும் கைமாற்றும். நீங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தக் கிருமிகள் பாக் நீரிணை வரைக்கும் போகும். பொடியில் தடைசெய்யப்பட்ட மருந்துகளான குளோராம்ஃபெனிகாலோ நைட்ரோஃபுரானோ இருந்தால் ஏற்றுமதிச் சோதனையில் சரக்கு திரும்பிவிடும்.

ராத்திரி ஒரு வாளித் தண்ணீரை இருட்டில் வைத்துப் பாருங்கள். கலக்கினால் மட்டும் பளிச்சிட்டு அடங்கினால் அது கடல் நுண்ணுயிரி, நாக்டிலூக்கா வகை. அசையாமல் வைத்தும் ஒரே சீராக ஒளிர்ந்தால், இறாலின் உடம்பும் ஒளிர்ந்தால், விப்ரியோ என்ற பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம். வெள்ளைக் கழிச்சலுக்கு ஈ.எச்.பி. என்ற நுண்ணிய ஒட்டுண்ணியும் காரணமாகலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது, நீங்கள் கேட்ட பாக்டீரியா தின்னும் வைரஸான ஃபேஜும் வேலை செய்யாது.

ஃபேஜ் நல்ல சரக்குதான். பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்க வைக்கும். விப்ரியோவுக்கு எதிரான ஃபேஜ் பற்றி மங்களூர் ஆய்வாளர்கள் 2006-இலேயே எழுதிவிட்டார்கள், ஆனால் அது குஞ்சுப் பொரிப்பகத்துக்காக. தொட்டி வேறு, ஒன்றரை ஏக்கர் குளம் வேறு. ஒரு ஃபேஜ் ஒரு இனத்திலேயே சில கிருமிகளைத்தான் தொடும். 2016-இல் சான்டியேகோவில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியால் கோமாவில் கிடந்த பேராசிரியர் டாம் பேட்டர்சன் ஃபேஜால் பிழைத்தார் என்றால், அவர் உடம்பிலிருந்த கிருமியையே எடுத்து, அதைக் கொல்லும் ஃபேஜாகத் தேடிப் பொறுக்கினார்கள். உங்கள் குளத்துக் கிருமி எதுவென்று தெரியாமல் பாட்டிலை ஊற்றுவது காசைக் கரைப்பதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஏரேட்டரை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் குளத்தில் இறங்காதீர்கள். விப்ரியோவில் சில மனிதர்களையும் தாக்கும். அப்புறம், ஆய்வகத்துக்குச் செத்த இறாலைக் கொண்டுபோக வேண்டாம். கழிச்சல் உள்ள இறாலை உயிரோடு, குளத்துத் தண்ணீரிலேயே, விடியற்காலையில் எடுத்துப் போங்கள்.