குதிக்கத் தெரிந்த ஒரு செவ்வகம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எனக்கு 29 வயது. கணக்கு மென்பொருள் எழுதும் வேலை. சின்ன வயதிலிருந்தே கேம் உருவாக்க வேண்டும் என்று ஆசை. மூன்று வருடமாக, விரும்பிய இடமெல்லாம் சுற்றித் திரியக்கூடிய ஒரு ஓபன் வேர்ல்ட் கேமுக்குக் கதை எழுதி வருகிறேன். வரைபடங்களோடு சேர்த்து 200 பக்கம் தாண்டிவிட்டது. கேம் உருவாக்க உதவும் என்ஜின் மென்பொருள்களான யூனிட்டி, அன்ரியல், கோடோட் மூன்றில் எதைக் கற்றுக்கொள்வது? எரிக் பரோன் தனியாளாக ஸ்டார்டியூ வேலி என்ற கேமை உருவாக்கியது போல, நானும் வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? வயது கடந்துவிட்டதோ என்ற பயமும் இருக்கிறது.

உங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

29 எல்லாம் ஒரு வயதா? விடுங்கள். என்ஜின் என்றால் கோடோட் போதும். இலவசம், சிறியது, சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். யூனிட்டி தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் யூனிட்டியே எடுங்கள். வேலையை விட வேண்டாம். பரோன் அந்த கேமைத் தொடங்கியதே வேலை தேடுவதற்காகப் புரோகிராமிங்கில் கை பழகத்தான். முடிக்க நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்கிடையில் ஒரு தியேட்டரில் பகுதிநேர வேலையும் பார்த்தார்.

எனக்குக் கோபம் வருவது அந்த 200 பக்கத்தின் மீதுதான். மூன்று வருடத்தில் உங்கள் நாயகன் ஒரு அடிகூட நடக்கவில்லையே! அவனுடைய பாட்டனார் எந்தப் போரில் செத்தார் என்று உங்களுக்குத் தெரியும். பட்டனை அமுக்கினால் எவ்வளவு உயரம் குதிப்பான் என்று தெரியாது. கதை எழுதுவதை நான் குறைத்துச் சொல்வேனா? என் பிழைப்பே அதுதான். ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது கேமைத் தொடங்காமல் இருப்பதற்கான சாக்கு.

குதிப்பதைப் பற்றி நானே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

என் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு கேம் செய்திருந்தார். மேடைக்கு மேடை தாவ வேண்டும், அவ்வளவுதான். அவருடைய அக்கா மகளிடம் விளையாடக் கொடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் திரும்பத் திரும்ப ஒரே விளிம்பில் விழுந்தாள். "நான் அமுக்கினேன் மாமா, அதுதான் குதிக்கல" என்றாள். நண்பர் ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும், என்ன நடந்தது என்று எடுத்துப் பார்த்தார். கால் மேடையை விட்டு நான்கு ஃப்ரேம் கழித்துத்தான் அவள் அமுக்கியிருந்தாள். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. "பாரு, நீதான் லேட்" என்று திரையைக் காட்டினார். அவள் முகம் சுருங்கியது. கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கணக்குப்படி நண்பர் சொன்னது சரி. ஆனால் அந்தக் குழந்தை பொய் சொல்லவில்லை. கண் விளிம்பைப் பார்த்து, விரல் அமுங்குவதற்குள் கால் தாண்டிவிடுகிறது. எல்லா மனிதருக்கும் அப்படித்தான். அந்த இடைவெளியை கேம்தான் பொறுத்துப்போக வேண்டும்.

இதற்கு ஒரு வழி உண்டு, விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் குதிக்க விடுவது. கயோட்டி டைம் என்பார்கள். செலஸ்டே என்ற கேமில் நாயகியை இயக்கும் புரோகிராமைப் பொதுவில் போட்டிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். தரையை விட்ட பிறகும் 0.1 நொடி வரை குதிக்க அனுமதி இருக்கும். தலை மேலே ஒரு மூலையில் லேசாக இடித்தால், தானாகவே கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திவிடும். மிகக் கடினமான கேம் என்று பெயர் எடுத்தது அது. உள்ளே இவ்வளவு பரிவு இருக்கிறது! அதுவும் 200 பக்கக் கதையிலிருந்து பிறக்கவில்லை. முதல் வடிவம் நான்கே நாளில் பீகோ-8 என்ற குட்டி மென்பொருளில் செய்தது. முழு கேம் 2018-இல் வந்தது.

ஆகவே நாயகனுக்குப் பதிலாக ஒரு செவ்வகம் வரையுங்கள். அதை ஓடவும் குதிக்கவும் வையுங்கள். ஒரு டைமர் போடுங்கள். தரையில் இருக்கும்வரை அதன் மதிப்பு 0.1, தரையை விட்டதும் குறையத் தொடங்க வேண்டும். பூஜ்யம் ஆகும்வரை குதிக்கலாம். குதித்த உடனே டைமரை நீங்களே பூஜ்யமாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் இன்னொரு முறை தாவும். அப்புறம் தரையைத் தொடச் சற்று முன்பே அமுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த அமுக்கலையும் ஒரு கணம் நினைவில் வைத்து, தரை தொட்டதும் குதிக்க வையுங்கள். புவியீர்ப்பைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், சில வாரங்களில் வந்துவிடும்.

பிறகு கேமே ஆடாத ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. "இப்ப அமுக்குங்க" என்று சொல்லக் கூடாது. எங்கே விழுகிறார், எங்கே முகம் சுளிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் "நான் அமுக்கினேனே" என்றால் தயவுசெய்து நம்புங்கள். புரோகிராமைத் திறந்து திருத்துங்கள்.

செவ்வகம் ஒழுங்காகக் குதிக்க ஆரம்பித்ததும் ஃபைலை எனக்கு அனுப்புங்கள், நானே ஆடிப் பார்த்து எழுதுகிறேன். கதையை இப்போது அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.