களைந்தாரா, களைத்தாரா? பிடுங்கு, பறி எங்கே வரும்?

‘தோட்டக்காரர் புல்லைக் களைத்தார்’ என்ற உங்கள் வரியைத் திருத்தியவர் செய்தது சரிதான். ‘களை’க்கு இரண்டு இறந்தகாலம் உண்டு: களைந்தார் என்றால் நீக்கினார், களைத்தார் என்றால் சோர்ந்துபோனார். எதிர்காலத்திலும் களைவார், களைப்பார் என்று பிரியும். ‘களைந்தார்’ என்று மாற்றிவிடுங்கள்.

களைதல் வேருக்கு மட்டும் உரியதல்ல. ஆடை களையலாம், ஐயம் களையலாம், குறை களையலாம். வேண்டாததை அகற்றுவதுதான் அதன் உயிர். அதனால்தான் நாற்றைக் களைந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. நாற்று நமக்கு வேண்டியது, அதைப் பறிப்பார்கள் அல்லது பிடுங்குவார்கள்.

‘பறி’யில்தான் கவனம் வேண்டும். நாற்றுப் பறித்தால் வேரும் வரும். பூப் பறித்தால் செடி அப்படியே நிற்கும். ‘செடியை வேரோடு பறித்தான்’ என்று எழுதினால் குழப்பமில்லை. பிடுங்குவதில் இழுக்கும் விசை முன்னே நிற்கும்: பல், ஆணி, முடி. ஆளிடமிருந்து பிடுங்கினால் அது வன்முறை, அந்த நெடி சொல்லிலேயே இருக்கிறது.

குறள் 550-இல் வரும் ‘களைகட் டதனொடு’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே ‘களை’ என்பது பயிருக்கு நடுவே முளைக்கும் வேண்டாத செடி, ‘கட்டல்’ என்பது அதைக் களைதல், கயிற்றால் கட்டுவதல்ல. ‘விழா களைகட்டியது’ என்பதில் வரும் களையோ பொலிவைக் குறிப்பது. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

‘புயலில் மரங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன’ என்ற வரி தவறில்லை. ஆனாலும் ‘வேரோடு சாய்ந்தன’ என்பதுதான் பேச்சுக்கு நெருக்கம்.