கேள்வி பதில்: மிஷன் ஸ்கூல் கதை கேட்ட வாசகர்களுக்கு

போன இதழ்ல தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் (மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவோடது) பத்தி ரெண்டே வரி எழுதினோம், அதுக்கு இவ்ளோ கடுதாசி வரும்னு நெனைக்கல. அதனால இந்த வாரம் சினிமா கேள்விக்கெல்லாம் லீவு.

எங்க தெரு முனையில இருக்கிற லுத்தரன் தொடக்கப் பள்ளியிலதான் நான், எங்கம்மா, எங்க பாட்டி மூணு பேரும் அஞ்சாவது வரைக்கும் படிச்சோம். நாங்க கிறிஸ்தவங்க இல்ல. இந்த மாதிரி ஸ்கூலை எல்லாம் யாருங்க ஆரம்பிச்சது?
வாசகி, மயிலாடுதுறை

உங்க ஸ்கூல் எந்த வருஷம்னு அதோட ரிஜிஸ்டர்தான் சொல்லணும்மா, ஆனா அந்த வரிசை எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்லலாம். 1706 ஜூலை 9-ம் தேதி சீகன்பால்கு, புளுட்சோனு ரெண்டு ஜெர்மன்காரங்க தரங்கம்பாடியில வந்து இறங்கினாங்க. அப்போ அந்த ஊரு டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு, அனுப்பினது டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக். வந்தவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார பிடிச்சு, சின்னப் பசங்களோட பசங்களா தரையில உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார் சீகன்பால்கு. அதாவது மிஷன் ஸ்கூல் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஸ்கூல் இருந்துச்சு, ஸ்கூல் வச்சவரே அதுல படிச்சவருதான். "வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு எழுத்து சொல்லிக் குடுத்தான்"னு மேடையில பேசுறவங்க இதை வசதியா விட்டுருவாங்க.

அப்போ புதுசா என்ன வந்துச்சுன்னு கேட்டா, யார் உள்ள வரலாம்ங்கறதுதான். திண்ணையில உக்கார முடிஞ்சது பெரும்பாலும் காசு குடுக்க முடிஞ்ச, சாதி இடம் குடுத்த வீட்டு ஆம்பளப் பசங்கதான். மிஷன் பள்ளியில சாப்பாடும் துணியும் குடுத்து ஏழைப் பிள்ளைங்களை தங்க வச்சே படிக்க வச்சாங்க, ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல ஃபிராங்கே நடத்தின அனாதைப் பள்ளியோட மாடல் அது. அதுக்காக சாதி ஒழிஞ்சுருச்சுன்னு நெனச்சுராதீங்க. கிறிஸ்தவக் கோயில்லயே ஆளுங்களை சாதி பாத்து தனித்தனியா உக்கார வச்ச காலம் அது, பின்னாடி ஜெர்மனியில இருந்து வந்த லைப்சிக் மிஷனும் சாதி விஷயத்துல மத்த புராட்டஸ்டன்ட் மிஷன்களை விட ரொம்ப விட்டுக் குடுத்துத்தான் போச்சு. நல்லதை மட்டும் எழுதினா அது வரலாறு இல்ல, வாழ்த்து மடல்.

1845-ல டேனிஷ்காரங்க தரங்கம்பாடிய இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்துட்டுப் போனாங்க, அந்த 1840-கள்லயே லைப்சிக் மிஷன் வந்து வேலைய கையில எடுத்துக்கிச்சு. கிராமம் கிராமமா சின்னப் பள்ளிக்கூடம் பரவினது அதுக்கப்புறம்தான். ஒரே ஹால், திங்கக்கிழமை பெஞ்சு போட்டா ஸ்கூல், ஞாயித்துக்கிழமை எடுத்துட்டா கோயில், பல ஊர்ல வாத்தியாரும் உபதேசியாரும் ஒரே ஆளு. முதல் உலகப் போர்ல ஜெர்மன்காரங்கள பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டுக்காரங்கன்னு பிடிச்சு வச்சு ஊருக்கு அனுப்பிருச்சு, ஸ்வீடன் மிஷன்காரங்க வந்து தாங்கிப் பிடிச்சாங்க, 1919 ஜனவரி 14-ல தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாச்சு. உங்க ஸ்கூல் போர்டுல டி.இ.எல்.சி.ன்னு போட்டிருந்தா அது இதுதான்.

இந்தியாவோட முதல் பெண்கள் பள்ளி தரங்கம்பாடியிலதான்னு ஒரு குவிஸ்ல சொன்னாங்க. உண்மையா?
வாசகர், நாகப்பட்டினம்

1707-ல அங்க பொண்ணுங்களுக்குன்னு தனியா பள்ளி ஆரம்பிச்சாங்கன்னு சொல்லுவாங்க, அதனால அந்தப் பட்டத்தை அதுக்கு குடுக்கறாங்க. பள்ளின்னதும் பெரிய கட்டடம், யூனிஃபார்ம்னு கற்பனை பண்ணிராதீங்க, மிஷன் செலவுல தங்கிப் படிச்ச கொஞ்சம் சின்னப் பொண்ணுங்க, அவ்வளவுதான். எனக்கு இந்த "முதல்" போட்டியில பெரிய ஆர்வம் இல்ல. இதை விட சுவாரசியமான விஷயம், அதே சீகன்பால்கு 1708-லயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்தார். திண்ணைப் பள்ளியில பசங்க மனப்பாடம் பண்ணுற பாட்டு எப்படி ஒரு பாதிரியார் மேசைக்குப் போச்சுன்னு யாராவது குவிஸ்ல கேளுங்கப்பா.

என் பொண்ணை ஒண்ணாவது சேக்கணும். பக்கத்துல லுத்தரன் எய்டட் ஸ்கூல்தான் இருக்கு. அது பிரைவேட்டா கவர்மென்ட்டா? ஜெபம் பண்ணச் சொல்லி கட்டாயப்படுத்துவாங்களோன்னு மாமியார் பயப்படறாங்க.
வாசகி, சிதம்பரம்

நிர்வாகம் சபையோடது, டீச்சர் சம்பளம் அரசாங்கத்தோடது. தமிழ் மீடியத்துக்கு ஃபீஸ் கிடையாது, பாடப்புத்தகமும் சத்துணவும் உண்டு, கிராமப்புற எய்டட் ஸ்கூலுக்கு 2024 ஜூலையில இருந்து காலைச் சாப்பாடும் வந்துருச்சு. மாமியார்கிட்ட சொல்லுங்க, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற ஸ்கூல்ல எந்தப் பிள்ளையையும் சம்மதம் இல்லாம மத வகுப்புலயோ வழிபாட்டுலயோ உக்கார வைக்க முடியாது, மைனர்னா பெத்தவங்க இல்ல கார்டியன் சம்மதம் வேணும், அரசியல் சட்டம் 28-வது பிரிவுலயே இருக்கு. நேர்ல போய் எச்.எம்.மைப் பாருங்க, டாய்லெட்டையும் எட்டிப் பாருங்க, அது ஜெபத்தை விட முக்கியம்.

நாங்க படிச்ச லுத்தரன் தொடக்கப் பள்ளிக்கு நூறு வருஷம் ஆகப் போகுது. மலர் போடலாம்னு பழைய மாணவர்கள் சேர்ந்திருக்கோம். சரித்திரத்தை எங்க தேடுறது?
வாசகர், ஆம்பூர்

மொதல்ல எந்த லுத்தரன்னு பாருங்க தம்பி, எல்லாரும் ஒண்ணு இல்ல. தரங்கம்பாடி பக்கம்னா லைப்சிக், ஸ்வீடன். திருவண்ணாமலை, கடலூர் பக்கம்னா டேனிஷ் மிஷன், இப்போ ஆற்காடு லுத்தரன் திருச்சபை. உங்க ஆம்பூர் பக்கம் வேற வழி, 1895-ல அமெரிக்காவோட மிசௌரி சினாட்ங்கற லுத்தரன் சபை அனுப்பின நேதர், மோன்னு ரெண்டு பேரு கிருஷ்ணகிரி பக்கம் வந்து ஆரம்பிச்சது, இப்போ ஐ.இ.எல்.சி., அதாவது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. இது தெரியாம தேடினா தப்பான நாட்டுக்கு லெட்டர் போடுவீங்க, ஏன்னா லைப்சிக் மிஷன் பேப்பரெல்லாம் ஹாலேயில இருக்கு, ஸ்வீடன்காரங்களோடது உப்சாலாவுல, மிசௌரிக்கு செயின்ட் லூயிஸ்ல கன்கார்டியா ஆவணக் காப்பகம். சென்னையிலன்னா கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி லைப்ரரிக்கு ஒருநாள் போயிட்டு வாங்க.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி எச்.எம். ரூம் பீரோவைத் திறக்கச் சொல்லுங்க. அட்மிஷன் ரிஜிஸ்டர்தான் உங்க தங்கம். பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி, சாதி, சேர்ந்த தேதி, நின்ன தேதி. வரிசையா ஒரு பத்து பக்கம் படிச்சாலே ஊரு தெரியும்: எந்தத் தெருப் பிள்ளைங்க எப்போ வர ஆரம்பிச்சாங்க, பொண்ணுங்க எந்த கிளாஸ்ல நின்னாங்க, எந்த வருஷம் கூட்டம் கூட்டமா டி.சி. வாங்கிப் போனாங்கன்னு. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போனப்போ எழுதின பழைய விசிட் புக் கெடச்சா இன்னும் நல்லது, "கூரை ஒழுகுது" மாதிரி திட்டு இருந்தா அதை அப்படியே மலர்ல போடுங்க. பேரையும் சாதியையும் மட்டும் அச்சுல போடாதீங்க, உயிரோட இருக்கறவங்க இருப்பாங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள், மலர்ல முதல் பதினாறு பக்கத்தை வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்காதீங்க. பிஷப் ஐயா போட்டோ ஒண்ணு போதும். சத்துணவு ஆயாம்மா, மணி அடிச்சவர், வாத்தியார் ஐயாவோட வீட்டம்மா, இவங்களை உக்கார வச்சு செல்போன்ல பேச வைங்க, அதுல கெடைக்கிறது ஹாலேயில கெடைக்காது.

ஸ்கூல் வாசல் கல்வெட்டுல எழுத்து தேஞ்சு போச்சு. பெயின்ட் அடிச்சு எடுப்பா காட்டலாமா?
வாசகர், பொறையார்

வேணவே வேணாம். தப்பா படிச்சு தப்பா அடிச்சிட்டா அப்புறம் அதுதான் வரலாறுன்னு ஆயிடும். கம்பி பிரஷ்ஷும் போடாதீங்க. வெயில் பக்கவாட்டுல விழற காலையிலயோ சாயங்காலமோ போட்டோ எடுங்க, இல்லாட்டி ராத்திரி டார்ச்சை கல்லோட ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். எடுத்த போட்டோவை எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, படிக்க முடியலைன்னா சேர்ந்து உக்காந்து பாக்கலாம்.