ஒரு நெல் இடைவெளி

சிவன் கோயில் வழிபாட்டு விதிகளைச் சொல்லும் சைவ ஆகமச் சுவடிகளை வாசிப்பதும் ஒப்பிடுவதுமாக 32 ஆண்டுகள் கழித்து, 2016இல் ஓய்வு பெற்ற ஆய்வாளர் ஒருவர் இந்த மாதம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? சின்ன வயதிலிருந்தே ஆசையா?
– ஓர் ஆசிரியை, திருவாரூர்

ஆசையெல்லாம் இல்லை அம்மா. வங்கித் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றேன். கையில் சம்ஸ்கிருத எம்.ஏ. மட்டும் இருந்தது. 1984இல் ஒரு சுவடித் திட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள், மாதம் 650 ரூபாய். நேர்முகத்தில் “கிரந்தம் வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார்கள், நம் பக்கம் சம்ஸ்கிருதம் எழுதிய எழுத்து அது. தெரியும் என்றேன். பொய். தாத்தா வைத்திருந்த பழைய அச்சுப் புத்தகத்தில் நாலைந்து எழுத்தை அடையாளம் தெரியும், அவ்வளவுதான். ஒரு கட்டைப் பிரித்து ஓர் ஏட்டை நீட்டினார்கள். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்ததை, ஓரமாக இருந்த வயதான பண்டிதர் ஒருவர் மட்டும் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டை வாங்கி, நேராக்கி, மறுபடி என் கையில் கொடுத்தார்.

வேலை கிடைத்தது. அடுத்த ஒன்பது மாதம் அவர் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். அவர் வாசிப்பார், நாங்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு எங்கே மாறுகிறது என்று குறிப்போம். நல்ல நாளில் 40 சுலோகம் நகரும். பூச்சி தின்ற ஏடு வந்தால் நாலு சுலோகத்தோடு பொழுது சாய்ந்துவிடும். ஏட்டை அரிக்கிற அந்தப் பூச்சிக்கு ராமபாணம் என்று பெயர் வைத்தவன் பெரிய ரசிகன். அம்பு பாய்ந்த மாதிரியே 60 ஏட்டையும் ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருக்கும்.

கே: சுவடியில் எழுதியிருப்பதைத்தான் இன்றும் கோயில்களில் செய்கிறார்களா?
– கும்பகோணம் வாசகர்

நேராகப் பதில் சொன்னால், இல்லை. மூல ஆகமத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யாரும் பூஜை செய்வதில்லை. குருக்கள்மார் கையில் இருப்பது பத்ததி. ஆகமங்களில் அங்கங்கே சிதறிக் கிடப்பதைச் செய்யும் வரிசைப்படி தொகுத்த கைநூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டு அகோரசிவாசாரியாருடைய பத்ததிக்குத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் செல்வாக்கு உண்டு. அதற்கும் மேல் அந்தந்த ஊர் வழக்கம், அப்பா செய்து பார்த்தது, யாகசாலையில் பெரியவர் கண் ஜாடையில் சொன்னது.

ஆனால் இதை வைத்து ‘ஏடுதான் சரி, குருக்கள் தப்பு’ என்று முடிவு கட்டாதீர்கள். நான் அப்படி நினைத்துக்கொண்டு திரிந்தவள்தான். கும்பம் வைக்கும் பகுதி ஒன்றைப் பதிப்பித்துக்கொண்டிருந்தோம். குடத்துக்கு நூல் சுற்றுகிற இடத்தில் ஒரு பாதத்தின் முதலெழுத்தை ராமபாணம் கொண்டுபோய்விட்டது. அந்தச் சொல்லில் மிச்சம் ‘வாந்தரம்’. சுலோகம் அனுஷ்டுப் என்ற யாப்பில் இருந்தது. அதில் பாதத்துக்கு எட்டு எழுத்து (அசை), எங்களிடம் ஏழு. ஆக ஓர் எழுத்துதான் போயிருக்கிறது. எந்த எழுத்து? ஒரு பிரதியில் எழுதியவர் இடம் விட்டுத் தாண்டியிருந்தார், கண்ணியமான மனிதர். இன்னொருவர் தைரியமாகத் ‘தவாந்தரம்’ என்று போட்டிருந்தார். ‘உனக்குள் இடைவெளி’யாம்! நானும் அகராதியைப் புரட்டி மூன்று யோசனை எழுதி வைத்தேன், மூன்றும் தத்துவார்த்தமாக இருந்தன.

1991 தை மாதம் மாயவரம் பக்கம் ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போனேன். யாகசாலைக்கு வெளியே 70 வயது குருக்கள் ஒருவர் சம்மணமிட்டு, செம்புக் குடத்தை மடியில் சாய்த்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். இடது கை குடத்தை உருட்ட, வலது கட்டைவிரல் நூலை அழுத்திக்கொண்டே போகிறது. குறுக்கும் நெடுக்குமாக இழை விழுந்து குடத்தின் மேல் வலைக்கண் மாதிரி சதுரங்கள் எழும்பின. பக்கத்தில் பேரன் வேறொரு குடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான், நெருக்கமாக. கிழவர் தலை நிமிராமலே, “டேய், நெல்லு நுழையணும்டா, நெல்லு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெல்! தானியம்! யவம்! போன எழுத்து ‘ய’. யவாந்தரம், அதாவது இழைக்கு இழை ஒரு யவம் இடைவெளி. யவம் என்றால் வாற்கோதுமை. அளவுக் கணக்கில் எட்டு யவம் ஓர் அங்குலம். நம் பக்கம் யாரிடம் வாற்கோதுமை இருக்கிறது? நெல் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எட்டு மாதம் நாங்கள் முட்டிக்கொண்ட எழுத்து அவர் கட்டைவிரலில் இருந்தது. அச்சில் வந்தபோது அடிக்குறிப்பில் ‘ஊகப் பாடம்’, அதாவது சுவடியில் இல்லாமல் பதிப்பாசிரியர் ஊகித்தது, என்று போட்டோம். குருக்கள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன், மரபில்லை என்று அடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கே: சடங்குகளுக்கு அர்த்தமே இல்லை என்று ஒரு வெளிநாட்டு அறிஞர் நிரூபித்துவிட்டாராமே?
– பொறியியல் மாணவர், கோவை

நிரூபித்தார் என்பது அதிகம். வாதிட்டார். ஃபிரிட்ஸ் ஸ்டால், ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு பெர்க்லியில் பேராசிரியர். 1975 ஏப்ரலில் கேரளத்தில் பாஞ்ஞாள் என்ற ஊரில் நம்பூதிரிகள் நடத்திய அதிராத்திரத்தை ஏற்பாடு செய்ததில் அவருக்குப் பெரிய பங்கு. பன்னிரண்டு நாள் வேள்வி. ஆயிரத்துக்கு மேல் செங்கல், ஐந்து அடுக்கு, இறக்கை விரித்த பறவை வடிவில் மேடை. ஆடு பலியிடக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பவே, அரிசி மாவைப் பிசைந்து வாழையிலையில் சுற்றி ஆட்டுக்குப் பதிலாக வைத்தார்கள். அது படமாகவும் வந்தது, 1983இல் இரண்டு பெரிய தொகுதிகளாகவும் வந்தது.

‘சடங்கு அர்த்தமற்றது’ என்ற அவருடைய கட்டுரை வந்தது 1979இல். செய்கிறவர்களைக் கேட்டால் ‘இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்கிறார்கள், ‘ஏன்’ என்பதற்குப் பதில் அவர்கள் மனத்தில் முதலில் இல்லை. விதி பிசகாமல் நடக்கிறதா என்பதே கவனம் என்கிறார். சடங்கு மொழியைப் போல இலக்கணம் உடையது, ஆனால் மொழியைப் போல எதையும் ‘சொல்வது’ இல்லை. மந்திரத்தைப் பறவைக் கூவலோடு ஒப்பிட்டார். கேட்டவுடன் கோபம் வரும். பத்து யாகசாலையில் உட்கார்ந்து பார்த்தபின் கோபம் பாதியாகும்.

அந்த மாயவரத்துக் குருக்களிடம் நான் கேட்டேன், ஏன் மாமா ஒரு நெல் இடைவெளி என்று. “வழக்கம் அப்படி” என்றார். ஸ்டால் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் விடவில்லை, புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். குடம் உடம்பு, நூல் நாடி என்று விளக்கம் இருக்கிறதே என்றேன். “அப்படியும் சொல்லுவா” என்றார், யாரோ தூரத்து உறவைப் பற்றிச் சொல்கிற மாதிரி. சொல்லிக்கொண்டே பார்த்தார், ஓர் இழை மற்றொன்றின் மேல் ஏறியிருந்தது. முக்கால் குடம் சுற்றியாயிற்று. அத்தனையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். குடத்துக்கு மேலே வஸ்திரம் சாத்திவிட்டால் நூல் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்டால் சொன்ன விதி இங்கே அப்பட்டமாக நிற்கிறது, சரி. குருக்கள் பிரித்துச் சுற்றியதற்கு விதி மட்டும்தான் காரணமா என்ற இடத்தில் நான் ஸ்டாலோடு ஒத்துப்போகவில்லை. தம்பி, நீங்கள் ஒரு யாகசாலையில் ஒரு முழு நாள் உட்கார்ந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே: 28 ஆகமங்களும் கிடைத்துவிட்டனவா?
– சேலம் வாசகர்

இல்லை. பல பெயர்களாக மட்டுமே இருக்கின்றன. கிடைத்தவற்றிலும் பழைய உரைகாரர் மேற்கோள் காட்டும் வரி, அதே பெயரில் இன்று கையில் இருக்கும் நூலில் இல்லாமல் போவதுண்டு. ஈரமும் பூச்சியும் உள்ள நம் ஊரில் ஓர் ஏடு முந்நூறு வருஷம் தாண்டுவதே அபூர்வம். எழுதி எழுதித்தான் காப்பாற்றினார்கள். காத்மாண்டுவின் குளிரில் கிரணாகமத்துக்கு கி.பி. 924இல் எழுதிய ஏடே பிழைத்திருக்கிறது.

கே: பெண் என்பதால் தடை இருந்ததா?
– சென்னை வாசகி

இருந்தது. ஒரு வீட்டில் சுவடியை முற்றத்தில் வைத்துவிட்டு, ‘தொடாமல் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். ஏட்டைத் தொடாமல் புரட்டும் வித்தை எனக்கு வரவில்லை. அந்த வீட்டுப் பாட்டி வந்து ஒவ்வோர் ஏடாகத் திருப்பிக் காட்டினாள். பாட்டி தொட்டால் பரவாயில்லையாம். ஏனென்று நான் கேட்கவில்லை, வேலை நடந்தால் சரி. இந்தத் துறையில் எலேன் புருன்னர் என்ற பெண்மணி 11ஆம் நூற்றாண்டு சோமசம்பு பத்ததியைப் பதிப்பித்து, பிரெஞ்சில் பெயர்த்துக் குறிப்பெழுதினார். முதல் தொகுதி 1963, நாலாவது 1998. கிரியை விஷயத்தில் சந்தேகம் வந்தால் ஆண், பெண் எல்லோரும் அவர் குறிப்பைத்தான் புரட்டுகிறோம்.

கே: என் மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?
– கவலைப்படும் தகப்பனார், ஈரோடு

உங்கள் கவலை நியாயம். நிரந்தர வேலை குறைவு. திட்டம் வரும், மூன்று வருஷம் ஓடும், முடியும். எனக்கே நடுவில் பதினான்கு மாதம் சம்பளம் இல்லை. டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். அவள் உறுதியாக இருந்தால் சம்ஸ்கிருதமும் தமிழும் இரண்டும் பழுதில்லாமல் வரட்டும். ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தவர்கள் பாதிக் கண்ணோடு வேலை செய்கிறார்கள். கிரந்த எழுத்து ஆறு மாதத்தில் பிடிபடும். பிரெஞ்சு வாசிக்கிற அளவுக்காவது வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தை 1955இல் ழான் ஃபிலியோசா தொடங்கினார், என்.ஆர். பட் ஊர் ஊராகப் போய்க் குருக்கள் வீடுகளிலிருந்து சுவடி சேர்த்தார், ரௌரவாகமத்தைப் பதிப்பித்தார். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் ஏறக்குறைய 11,000. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஒரு வாரம் அவளை அந்த நிறுவனத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். நாலாம் நாளும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்றால் நீங்கள் தடுத்தும் பயனில்லை.

கே: எங்கள் வீட்டுப் பரணில் நாலு கட்டு ஓலைச்சுவடி இருக்கிறது. ஆடிப் பதினெட்டில் காவிரியில் விட்டுவிடு என்கிறார் பெரியப்பா. என்ன செய்யலாம்?
– திருச்சி வாசகி

பெரியப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லிவிட்டு, சுவடியை வீட்டிலேயே வையுங்கள்.

கயிற்றை அறுக்காதீர்கள். ஏடுகள் வரிசை மாறாமல் இருப்பது அந்தக் கயிற்றால்தான். ஒட்டிக்கொண்ட ஏட்டைக் கத்தியால் நெம்ப வேண்டாம். வெயிலில் காய வைக்க வேண்டாம். யூடியூப் பார்த்து எண்ணெய் பூச வேண்டாம். புல்லெண்ணெய் தடவுவதெல்லாம் பழகிய கை செய்ய வேண்டியது. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு நாலு துண்டு போட்டு வையுங்கள்.

அப்புறம் படம். ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுங்கள். மை போன ஏட்டிலும் எழுத்தாணி கீறிய பள்ளம் அப்போதுதான் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது. இடது ஓரத்தில் ஏட்டு எண் இருக்கும், அது வெட்டுப்படக் கூடாது. கடைசி ஏட்டை அவசியம் எடுங்கள். எழுதியவன் பெயர், ஊர், வருஷம் அங்கேதான் இருக்கும். ‘ருத்ரோத்காரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1863ஆகவும் இருக்கலாம், 1923ஆகவும் இருக்கலாம். கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தால் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம்.

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பரணிலிருந்து வருபவற்றில் பாதி, நிலக் கணக்கு, ஜாதகம், மாட்டு வைத்தியம். மாட்டு வைத்தியம் என்றால் எனக்கு முதலில் அனுப்புங்கள், அதைப் படிக்க ஆள் வைத்திருக்கிறேன். முதல் ஏட்டின் படமும் கடைசி ஏட்டின் படமும் இருந்தால் போதும், இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். ஆடி பிறப்பதற்குள்.