1924ஆம் ஆண்டு 20 டாலர் தங்கக் காசு கோடிக்குப் போகுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மாமனார் வைத்திருந்த பழைய 20 டாலர் தங்கக் காசு ஒன்று கிடைத்தது, 1924 என்று போட்டிருக்கிறது. இதே மாதிரிக் காசு கோடிக்கணக்கான டாலருக்கு ஏலம் போனதாமே? எங்களுடையதும் அப்படிப் போகுமா? கொஞ்சம் மங்கியிருக்கிறது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவட்டுமா?

பதில்: முதலில் கடைசிக் கேள்வி. தயவுசெய்து கழுவாதீர்கள். நகையைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும், சரி. ஆனால் பழைய காசைத் தேய்த்தால் அச்சடித்தபோது வந்த இயல்பான மினுமினுப்பு போய், லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள்தான் மிஞ்சும். சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்த உடனே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

அப்புறம், நீங்கள் படித்தது 1933ஆம் ஆண்டுக் காசைப் பற்றி. சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த அதே டபுள் ஈகிள்தான் (20 டாலர் தங்கக் காசை அப்படித்தான் சொல்வார்கள்). அந்த வருஷம் 4,45,500 காசு அடித்தார்கள். ஆனால் ஏப்ரல் மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மக்கள் கையிலிருந்த தங்கத்தை அரசிடம் ஒப்படைக்கச் சொல்லி ஆணை போட்டதால், அடித்த காசு புழக்கத்துக்கே வராமல் உருக்கும் உலைக்குப் போனது. எப்படியோ சில வெளியே நழுவின. எகிப்து மன்னர் ஃபாரூக் கைக்குப் போனதாகச் சொல்லப்படும் காசு ஒன்றை மட்டும் தனியார் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது, அதுதான் 2021இல் சுமார் 1.89 கோடி டாலருக்குப் போனது. ஃபிலடெல்பியாவில் ஒரு குடும்பத்திடம் இருந்த பத்துக் காசுகளை வழக்காடி அரசே எடுத்துக்கொண்டது. உங்களுடையது 1933ஆக இல்லாமல் போனதே நல்லது என்பேன்!

1924இல் ஃபிலடெல்பியா நாணயச் சாலையில் மட்டும் 43 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள், ஐரோப்பிய வங்கிகளுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியதும் ஏராளம். அதனால் அந்தக் காசுக்கு அதிலுள்ள தங்கத்தின் மதிப்பும் (சுமார் 30 கிராம் சுத்தத் தங்கம்) அதற்கு மேல் கொஞ்சமும்தான் கிடைக்கும்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். தீப்பந்தம் ஏந்திய பெண் இருக்கும் பக்கத்தில், ஆண்டுக்கு நேர் மேலே குட்டியாக 'எஸ்' அல்லது 'டி' இருக்கிறதா? இருந்தால் சான் பிரான்சிஸ்கோ அல்லது டென்வர் நாணயச் சாலையில் அடித்தது, விலை நன்றாகவே ஏறும். இவையும் லட்சக்கணக்கில்தான் அச்சாயின, ஆனால் பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டன. அச்சடித்த கணக்கை வைத்து அபூர்வத்தை முடிவு செய்ய முடியாது என்பதற்கு 1927 'டி'யே போதும்: 1,80,000 அடித்ததில் இன்று தெரிந்திருப்பவை ஒரு டஜனை ஒட்டித்தான்.

எடை 33.44 கிராம், விட்டம் 34 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், விளிம்பிலும் எழுத்து இருக்கும். அசல் தங்கத்திலேயே அடித்த போலிகளும் உண்டு, அதனால் எடை சரி என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டுக்கு மேலே 'எஸ்' அல்லது 'டி' தென்பட்டால், அதைப் பிற்பாடு ஒட்டவைக்கும் ஆட்களும் இருப்பதால், விற்பதற்கு முன் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற நாணயச் சான்று நிறுவனங்களுக்கு அனுப்பிச் சான்று வாங்குங்கள். அந்த எழுத்து இல்லை என்றால் நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுக்கொண்டாலே போதும், ஆனால் பழைய தங்கம் எடுக்கும் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.