கடைக்காரர் தொடங்கித் தந்த ஜிமெயில்: என் பணமும் படங்களும் பத்திரமாக இருக்கின்றனவா?

கேள்வி: நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு மாதங்களுக்கு முன்பு தாராபுரத்தில் ஒரு கடையில் ஸ்மார்ட்போன் வாங்கினேன். கடையில் இருந்த தம்பியே ஜிமெயில், வாட்ஸ்அப், கூகுள் பே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார். யுபிஐ பின் எண்ணையும் என்னிடம் கேட்டு அவரே அழுத்தினார். ஜிமெயிலின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. என் ஓய்வூதியக் கணக்கு அந்தப் போனில்தான் இணைந்திருக்கிறது. அவரால் என் பணத்தை எடுக்க முடியுமா? போனையே மாற்றிவிட வேண்டுமா?

பதில்: அம்மா, போனை மாற்ற வேண்டியதில்லை. பின் எண்ணை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, கடையில் உட்கார்ந்தபடியே உங்கள் கணக்கிலிருந்து ஒருவர் பணம் அனுப்பிவிட முடியாது. யுபிஐ செயலி உங்கள் சிம் கார்டையும் அந்தக் குறிப்பிட்ட போனையும் சேர்த்தே பதிவு செய்துகொள்கிறது. ஆகவே உங்கள் போனோ சிம்மோ அவர் கைக்குப் போனால்தான் அந்த எண்ணுக்கு வேலை. இருந்தாலும் இன்றே அதை மாற்றிவிடுங்கள். கூகுள் பேயில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்தால் பின்னை மாற்றும் வசதி இருக்கும். அடுத்த முறை யார் உதவிக்கு உட்கார்ந்தாலும், அந்த இலக்கங்களை நீங்களே அழுத்துங்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் ஜிமெயில்தான். ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் என்பது கடிதம் அனுப்புவதற்கு மட்டுமானது அன்று. நீங்கள் எடுக்கும் படங்கள், சேமிக்கும் தொலைபேசி எண்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி (பேக்கப்) ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் போய்ச் சேரக்கூடியவை. அதன் கடவுச்சொல் வைத்திருப்பவர் வேறொரு போனில் அதைத் திறந்து உங்கள் பேரக் குழந்தைகளின் படங்களைப் பார்க்கலாம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தேடலாம், உங்கள் போனில் உள்ளவற்றைத் தொலைவிலிருந்தே அழித்துவிடவும் முடியும்.

ஒரு சிற்றூர்க் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேசை மீது ஒரு நீளக் கணக்கு நோட்டு விரித்தபடி கிடந்தது. கோடு போட்டு நான்கு பத்திகள்: பெயர், செல் எண், ஜிமெயில், கடவுச்சொல். நான்காவது பத்தியில் பக்கம் முழுக்க ஒரே சொல்தான், கடையின் பெயரும் அதன் பின்னால் 123-உம். அந்தப் பையன் கெட்டவன் அல்லன். மறந்துவிட்டு வந்து நிற்பவர்களுக்காக எழுதி வைத்திருந்தான். ஆனால் சார்ஜர் வாங்க வந்த நான் நின்ற இடத்திலிருந்தே அத்தனையையும் படிக்க முடிந்தது.

ஆகவே செட்டிங்ஸில் 'கூகுள்' என்ற பகுதிக்குள் போய், உங்கள் கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். பழையது தெரியாவிட்டாலும், கணக்கு உங்கள் போனிலேயே திறந்திருப்பதால் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' வழியாகப் பெரும்பாலும் மாற்ற முடியும். அதே பக்கத்தில், கணக்கை மீட்பதற்கான செல் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று பாருங்கள். அவை கடைக்காரருடையவையாக இருந்தால் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அவரால் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் உங்களுக்குத் தெரியாத போன் இருந்தால் அதை வெளியேற்றிவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் பலர் சிக்கியிருப்பதால் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சில கடைகளில் புதிய கணக்கு தொடங்கச் சோம்பல்பட்டு, கடைக்காரர் தம்முடைய கணக்கையே வாடிக்கையாளரின் போனில் போட்டுவிடுகிறார். பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டுப் பாருங்கள்; அங்கே வேறு யாருடைய பெயராவது இருந்தால் நிலைமை இதுதான். அப்போது கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை, கணக்கையே நீக்க வேண்டும். அவசரப்பட்டு நீக்கினால் அதில் சேமித்த தொலைபேசி எண்களும் போய்விடும். முதலில் உங்கள் பெயரில் புதிய கணக்கு ஒன்றைச் சேர்த்து, எண்களை அதற்கு மாற்றி, வாட்ஸ்அப் காப்புப் பிரதியையும் புதிய கணக்குக்குத் திருப்பிவிட்டு, அதன் பிறகே பழையதை நீக்குங்கள். பழைய கணக்கு உள்ளே இருக்கும்போது போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்க வேண்டாம். மீண்டும் திறக்கும்போது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையே போன் கேட்டு நிற்கக்கூடும். பிறகு அதே கடைக்குப் போய்க் கெஞ்ச வேண்டியதுதான்.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியையும், குறுஞ்செய்தி செயலியில் 'டிவைஸ் பேரிங்' பகுதியையும் பாருங்கள். அங்கே நீங்கள் இணைக்காத கணினி ஏதேனும் இருந்தால், உங்கள் வாட்ஸ்அப் செய்திகளும் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியும் அங்கேயும் தெரியக்கூடும்.

புதிய சிம்முக்காகக் கைரேகை வைத்தீர்களா? "சரியா விழலம்மா, இன்னொரு தடவை வையுங்க" என்று கேட்டார்களா? இரண்டாவது முறை வைத்த ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுத்து விற்றுவிடும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணில் நடக்கும் மோசடிக்குக் காவல்துறை தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் தெரியும். உங்களுடையதல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் அதைப் பூட்டியே வையுங்கள்.

இவ்வளவையும் ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி தனியாகச் செய்ய வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. வங்கிக்குப் போய் உதவி கேட்டால், "போன் கடையில் கேளுங்கள்" என்று அனுப்பிவைக்கிறார்கள். ஆனால் பணம் போனால் பேச்சு மாறிவிடுகிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது. அதே சுற்றறிக்கை, ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு வாடிக்கையாளருடையது என்றும் சொன்னது. கடைக்கு அனுப்பியது யார் என்ற கேள்வியை எந்த வங்கியும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை.

உங்கள் கணக்கில் இதுவரை பணம் குறைந்ததாக நீங்கள் எழுதவில்லை. எனினும் இந்த இரண்டு மாதக் கணக்கு விவரத்தை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். தெரியாத பற்று ஏதாவது இருந்தால் அன்றே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியுடன் முத்திரை வைத்த நகலைக் கையோடு வாங்கி வாருங்கள். "மேனேஜர் வரட்டும், அப்புறம் தருகிறோம்" என்று சொன்னால், அவர் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருங்கள்.