மொறிஸ் மைனரை டிராக் பந்தயத்துக்குப் பலப்படுத்துதல்

கேள்வி: என்னிடமுள்ள 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனரில் நிசான் எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். நேர்ப்பாதையில் கால் மைல் சீறிப்பாயும் டிராக் பந்தயத்தில் ஓட்டுவதற்கு, உள்ளே இருப்பவரைக் காக்கும் குழாய்க்கூடான ரோல் கேஜ் ஒன்றை அமைத்தால் காரின் பொடி (உடற்கூடு) தாங்குமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: ரோல் கேஜ் பிறகு வரட்டும், முதலில் காரின் அடிப்புறத்தைச் சுரண்டிப் பாருங்கள். மைனருக்கு லொறிக்கு இருப்பதுபோன்ற தனிச் சட்டகம் கிடையாது, மடித்து வெல்டிங்கால் ஒட்டிய தகடுகளே பாரம் முழுவதையும் சுமக்கின்றன. முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக இயங்கும் முறுக்குக் கம்பிகள் வந்து முடியும் குறுக்குப் பெட்டியின் இரு முனைகளும், பின்பக்க வில்தகடுகளைத் தாங்கும் இடங்களும் ஹட்டன் மழையில் துருவேறாமல் தப்பியிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. துருவின்மேல் புதுத் தகட்டை ஒட்டித் தார் பூசி மறைக்கும் வேலையை டிங்கரிங் பாஸ் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஏற்காதீர்கள். நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுக்கச் சொல்லுங்கள்.

கார் சீறிப் புறப்படும் கணத்தில் பின் அச்சின் எதிர்விசை வில்தகடுகளின் வழியாகப் பொடியை முறுக்குகிறது. ஆகவே குறுக்குப் பெட்டியையும் வில்தகடுகளின் முன்முனைகளையும் இரு பக்கமும் பெட்டிக் குழாயால் இணைப்பதே முக்கியமான வேலை. காரை அச்சுகளின்மேல் மட்டமாக நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, அவற்றின் இடைவெளியைக் கவனித்தபடி, ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் சிறிது என்று ஒட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் பொடி கோணிவிடும். அப்புறம் கதவு பூட்டாது.

இன்னொன்று. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மெல்லிய காற்றை உறிஞ்சும் உங்கள் எஞ்சின் தன் வலுவில் சுமார் எட்டில் ஒரு பங்கை இங்கே இழக்கிறது. கீழ்நாட்டில் பந்தயத்துக்கு இறக்கும்போது அது திரும்பிவிடும் என்பதால், இங்கே தாங்கிய பொடி அங்கேயும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

டிராக் பந்தயங்களை நடத்தும் அமெரிக்காவின் தேசிய ஹொட் ரொட் சங்கத்தின் விதிகள், கால் மைலை 11.49 செக்கனிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் பழைய கார்களுக்கே ரோல் பாரை, அதாவது ரோல் கேஜைவிட எளிய, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைகுழாயைக் கட்டாயமாக்குகின்றன. மைனர் அந்த வேகத்தை எட்டுவது கடினம். எனினும் கார் உருண்டால் தலையைக் காப்பது அதுதான் என்பதால் நானாக இருந்தால் பொருத்துவேன். தண்ணீர்க் குழாய்க்கான ஜீ.ஐ. பைப்பை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அதன் நாக (சிங்க்) பூச்சு ஒட்டும்போது நச்சுப்புகை விடும், ஒட்டிய இடமும் உறுதியாக இராது. குழாயின் காலை வெறும் தரைத்தகட்டில் ஊன்றினால் விபத்தில் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கும். தரையின் மேலும் கீழும் 15 சென்ரிமீற்றர் சதுரமும் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பும் கொண்ட தகடுகளை வைத்து நான்கு போல்ற்றுகளால் இறுக்குங்கள்.

பெற்றோல் தாங்கி டிக்கித் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைத்து, பற்றரியின் இணைப்பையும் எடுத்த பின்னரே பாஸை வேலை தொடங்க விடுங்கள்.